இடது பக்கம் அரக்கு, வலது பக்கம் பச்சை

பெயிண்ட்ல கலக்குற தின்னர் வாசனை வந்தாலே எனக்கு சேந்தமங்கலத்துல நாங்க குடியிருந்த வாடகை வீடு தான் ஞாபகம் வரும். கதவைத் திறந்ததும் நெடி மூக்குல ஏறும்... உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச அலுமினியத் தூள் சாம்பல் மாதிரி உள்ளங்கால்ல ஒட்டும்.

கல்யாணமான புதுசு. எங்க வீட்டுக்காரருக்கு நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில ஃபிட்டர் வேலை. பழைய கார் ஒண்ணு வச்சிருந்தார். கார் எப்படியோ போகட்டும், அதோட வீல் மேல தான் அவருக்கு உசுரு. டூ பீஸ் வீலுன்னு சொல்லுவார். வெளி ரிம் தனி, நடுத் தட்டு தனி. ரெண்டையும் சுத்திவர சின்னச் சின்ன போல்ட் போட்டு ஒண்ணாப் பிடிச்சிருக்கும். அதைக் கழட்டி, நடுத் தட்டுக்கு மட்டும் தனியா ஒரு கலர் அடிக்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

எனக்கு அதுல மனசு போகல. எனக்குள்ள வேற ஒரு முள்ளு.

நான் அம்மாபேட்டை தறிக்காரர் மக. என் கல்யாணப் புடவை எங்கப்பா கையால நெய்தது. நல்ல அரக்கு. சாயம் சரியா ஏறலைன்னு நூலை மூணு தடவை முக்கி எடுத்தார். அதைக் கட்டிக்கிட்டு மறுவீடு போன அன்னைக்கு இவர் என் பக்கத்துல வந்து, மெதுவா,

"இந்தப் பச்சப் பொடவ உனக்கு நல்லா இருக்குது அம்மிணி"ன்னார்.

பச்சையாம்.

அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்... இந்த மனுசன் என்னை ஏறெடுத்தும் பார்க்கல, வாய்க்கு வந்ததைச் சொல்றார்னு. அதுக்கப்புறம் கேட்டதுக்குப் பதில், பசிச்சா சோறு, அவ்வளவு தான் எங்க குடித்தனம். அவரும் தானா வந்து பேசுற ஆள் இல்ல.

ஆடிக்கு அப்பா வந்து கூட்டிட்டுப் போனார். ஆடி முடிஞ்சும் எனக்குத் திரும்பிப் போக மனசு வரல. தலைவலி, வயித்துவலின்னு ஒரு வாரம் தள்ளினேன். அம்மாவுக்குத் தெரியாதா?

"ஏண்டி, உனக்கு அவரைப் புடிக்கலையா?"

"தெரியலம்மா."

நெசமாவே தெரியல.

"அங்க போய் இன்னும் ஒரு வாரம் இருந்து பாரு. அப்பவும் மனசு ஒட்டலைன்னா கிளம்பி வந்துடு. மத்ததை நாங்க பேசிக்கிறோம்"னாங்க.

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்தேன். வாசல்ல கார் நாலு ஹாலோ பிளாக் கல்லு மேல நிக்குது, வீல் இல்லாம. உள்ள காலெடுத்து வைக்க இடமில்ல. போல்ட்டெல்லாம் இட்லித் தட்டுல கிடக்குது. நாலு வீலுக்கு நாலு தட்டு, மாறிடக் கூடாதாம். எனக்குச் சீர்ல வந்த புது இட்லித் தட்டு.

வாயைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள அவர், "அம்மிணி, இங்க வந்து பாரு"ன்னு கொல்லைப் பக்கம் கூப்பிட்டார்.

நாலு நடுத் தட்டும் பெயிண்ட் அடிச்சு, கம்பியில தொங்கிக் காய்ஞ்சிட்டிருந்தது. பட்டறையில மிஞ்சின பெயிண்ட்டு, பேர் இல்லாத ரெண்டு டப்பா.

"உன்ற கல்யாணப் பொடவ கலரு. துணிய பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் அடிச்சேன்."

அவர் தோள்ல என் ரவிக்கை தைச்ச மிச்சத் துண்டு கிடந்தது.

கம்பியில ரெண்டு தட்டு அரக்கு. ரெண்டு தட்டு பாட்டில் பச்சை.

கேலி பண்றாரோன்னு முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதுல.

"நாலும் ஒரே கலருங்களா?"ன்னு மெல்லக் கேட்டேன்.

அந்த முகம் அப்படியே வாடிப் போச்சு. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேற வேறயாவா இருக்குது?"

அப்புறம் படியில உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "சின்னதுல இருந்தே எனக்கு இந்தச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பட்டறையில தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு ஆருகிட்டயும் சொன்னதில்ல. உங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கோணும்."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்தது. இத்தனை நாளா நான் சுமந்த முள்ளு என்ன, இந்த மனுசன் செஞ்சது என்ன... நான் இல்லாதப்ப பீரோவைத் துழாவி, அந்தத் துண்டுத் துணியைத் தேடி எடுத்திருக்கார். பார்க்காதவரா இதைச் செய்வார்?

கலர் கெட்டதுக்குத் தான் அழறேன்னு நினைச்சுக்கிட்டார் பாவம். "அழுவாத அம்மிணி, உரிச்சுட்டு வேற அடிச்சரலாம்."

"ஒண்ணும் உரிக்க வேண்டாங்க. இடது பக்கம் ரெண்டும் அரக்கு, வலது பக்கம் ரெண்டும் பச்சை. ஒரு பக்கம் நிக்கிறவங்களுக்கு மறுபக்கம் தெரியவா போகுது?"

கொஞ்சம் யோசிச்சார். அப்புறம் சிரிச்சார். அவர் வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

பெயிண்ட் காய்ஞ்சதும் ரெண்டு பேருமாப் பூட்டினோம். ரிம்மும் தட்டும் சேர்ற இடத்துல காத்து கசியாம இருக்க சிலிக்கான் பசை. அதை விரலால இழுத்து விட்டது நான். போல்ட்டை வரிசையா முடுக்கக் கூடாதாம், எதிரெதிரா முடுக்கணுமாம். இட்லித் தட்டுல இருந்து நான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்க, அவர் முடுக்க... பேச்சு தன்னால வந்தது. அவருக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்குத் தெரியாது.

டயர் மாட்டி ஓட்டினப்புறம், டீக்கடையில ரெண்டு பேர் எங்க கார் பச்ச வீலா அரக்கு வீலான்னு சண்டையே போட்டாங்க. அம்மா போன் பண்ணி, "என்னடி, கிளம்பி வர்றியா?"ன்னாங்க. "எதுக்கும்மா?"ன்னேன்.

அந்தக் காரை வித்து வருஷம் பல ஆச்சு. இப்ப இருக்கிற கார்ல வீல் ஒரே துண்டு. அடிபட்டா மாத்திடுங்கங்கறாங்க. சுலபம் தான், குறை சொல்லல. ஆனா பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து முடுக்க ஒண்ணும் இல்ல.

போன வாரம் மக வந்து, "அம்மா, காலேஜ் விழாவுக்கு உன் அரக்குப் பொடவையக் குடு"ன்னா. எதைக் கேக்குறான்னு எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல.

எங்க ரெண்டு பேருக்கும் அது பச்சைப் புடவை.