சம்பா அன்ரிக்குக் கார் வரவில்லை

போன கிழமை மகளின் பள்ளிக்கூட ஃபோர்மல் விருந்துக்கு மேக்கப் போட ஒரு பிள்ளை வந்திருந்தாள். அவள் பெட்டியைத் திறந்ததும் பவுடர் வாசம் குசினி வரைக்கும் வந்தது. கறியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போய் வாசலில் நின்றேன். "அம்மா, வொய் ஆர் யூ ஸ்டேரிங்?" என்றாள் மகள். அவளிடம் சொன்னால் அலுத்துக்கொள்வாள். உங்களிடம் சொல்கிறேன்.

சிட்னிக்கு வந்த புதிதில் லிட்கமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஊரில் கணக்குப் படிப்பித்தவள், இங்கே வந்து கட்டில் விரிக்கப் பழகினேன். அதுவும் ஒழுங்காக வராது என்று பெயர். முதல் நாள், மிஸஸ் மாத்தூர் என்று வடஇந்தியப் பெயர் கதவில் எழுதியிருந்த அறையில், தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் தலையணை உறை மாற்றிக்கொண்டே, "இந்தக் கிழவிக்கு எத்தனை தலையணை?" என்று முணுமுணுத்தேன்.

"நாலு," என்றார் கதிரையில் இருந்த அந்த அம்மா, தமிழில்.

தலையணையைக் கீழே போட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கறுப்பு வெள்ளைக் காலத்து ஹிந்தி நடிகை. சினிமாவுக்கு வைத்த பெயர் சம்பா. சென்னையில் எடுத்த ஹிந்திப் படங்களுக்காகக் கோடம்பாக்கத்தில் இரண்டு வருடம் இருந்தபோது மேக்கப்காரர்களிடம் தமிழ் பழகியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் எனக்குச் சம்பா அன்ரி.

பதினாறு வயதில் தாய் பம்பாய் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். பிறகு அவர் முகம் காலண்டரில் வந்தது, தீப்பெட்டியில் வந்தது. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டால் ரசிகர்கள் வெளியிலிருந்து கண்ணாடிக்கே முத்தம் கொடுப்பார்களாம். சொந்தக் குரலில் பாடி நடித்தவர். பின்னணிப் பாடகிகள் வந்ததும் அதுவும் போயிற்று. "வாயை மட்டும் அசை, போதும்னுட்டான். நானும் அசைச்சேன்." இருபத்தெட்டு வயதில் ஒரு டாக்டரைக் கட்டினார். வீட்டில் சினிமாப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது டாக்டரின் நிபந்தனை. டாக்டர் சாகும் வரைக்கும் அன்ரி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மகன் சிட்னிக்குக் கூப்பிட்டார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேவைப்பட்ட காலம் அது. பிள்ளைகள் வளர்ந்ததும் இல்லத்தில் சேர்த்துவிட்டார்.

ஒரு நாள் இந்தியர் சங்கம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் பூங்கொத்தோடு வந்தார்கள். கலைவிழாவில் அன்ரிதான் பிரதம விருந்தினராம், மூன்று கிழமை கழித்துச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கார் வருமாம். அந்த மூன்று கிழமையும் அன்ரி வோக்கரை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்து நடந்து பழகினார். மேடையில் வோக்கரோடு ஏறமாட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு நான்தான் மேக்கப். ஒரு கண்ணுக்கு மை போட்டு முடிக்கும்போது மனேஜர் என்னை வெளியே கூப்பிட்டார். அன்ரியின் மகன் போன் பண்ணினாராம். மும்பையிலிருந்து ஒரு சீரியல் நடிகை வந்திருக்கிறாளாம், சங்கத்துக்காரர்கள் அன்ரிக்குப் பதிலாக அவளை மேடையேற்றப் போகிறார்களாம், கார் வராதாம். "யூ டெல் ஹெர். ஷி லைக்ஸ் யூ," என்றார்.

திரும்பிப் போனேன். அன்ரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டியபடி இருந்தார். மற்றக் கண்ணுக்கும் மை போட்டேன்.

நாலு மணிக்கு முன்வாசல் கதிரையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்தார். அஞ்சு மணிக்கு, "கார் வந்துச்சா?"

"டிராஃபிக் போல, அன்ரி."

ஆறு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டே சூப் குடித்தார்கள். என் வேலை முடிந்துவிட்டது, போக முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ திரும்பி உள்ளே வந்தப்பவே தெரியும்," என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. "ரெண்டாவது கண்ணுக்கு மை கோணலாப் போட்டே. உனக்கு நடிக்கத் தெரியல, பொண்ணே."

"பிறகேன் அன்ரி இவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?"

"மேக்கப் போட்டாச்சு இல்ல?"

அதற்குப் பிறகு அவர் முகத்துக்கு ஒன்றுமே பூசவிடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டார். செத்தவீட்டில் மகன், அம்மா நல்ல குடும்பத்தலைவி, நன்றாகச் சமைப்பார் என்று பேசினார். சினிமா என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அறையைக் காலி பண்ண வந்தவர், அன்ரியின் சினிமாப் படங்கள் ஒட்டிய ஆல்பத்தைப் பழைய செருப்புகளோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். எடுத்து வைத்திருக்கலாம். குப்பையில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அந்த இல்லம் இப்போது இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி. அன்ரி நடித்த படங்களின் பிரதி எங்கேயும் இல்லை என்கிறார்கள். யூடியூப்பில் அவருடைய ஒரேயொரு பாட்டு கிடக்கிறது. கீழே வேறொரு நடிகையின் பெயர். இது சம்பா, இவரை எனக்குத் தெரியும் என்று கொமெண்டில் எழுதினேன்.

புரூஃப் இருக்கா என்று யாரோ கேட்டிருந்தார்கள்.