அன்றைக்கு எனக்கு டூட்டி இல்லை

அப்பா தொலைபேசியில், "அங்க எப்படி இருக்கு மக்களே?" என்று கேட்டால் நான் சாலைகளைப் புகழ ஆரம்பித்துவிடுவேன். எவ்வளவு சுத்தம், எவ்வளவு பாதுகாப்பு, பெண்கள் எந்நேரமும் தனியாக நடக்கலாம் என்று அடுக்குவேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் அதை அப்பாவிடம் சொல்வதில்லை நான். எங்களுக்கு நடுவே இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரிடம் சொல்கிறேன். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. பதினொரு வருடமாக அவருக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு குடும்பங்கள். ஓர் அறையில் நான், கணவர் ஸ்டீபன், ஏழு வயது மகள். இன்னோர் அறையில் ஜெரினும் ஷீபாவும். நான் கிளினிக்கில் நர்ஸ். ஜெரின் ஏசி டெக்னீஷியன். தினமும் பஸ்ஸில் துபாய் போய்வருவான். அவர்களும் எங்களைப்போலக் குமரிக் கடற்கரைக்காரர்கள். சமையலறை பொது. ஷீபா மீன் குழம்பு வைத்தால் பாதி எங்கள் சட்டிக்கு வந்துவிடும்.

ஒருநாள் பஸ் ஜன்னல் வழியாக ஜெரின் ஒரு கட்டடத்தில் புகை எழும்புவதை வீடியோ எடுத்தான். "இது நியூஸில வராது, பாத்துக்கிடுங்க" என்று பேசி குடும்ப குரூப்பில் போட்டான். அதை யார் யாரோ எங்கெங்கோ அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப் படமெடுத்துப் பரப்புவது அங்கே குற்றம். நான்காம் நாள் காலை சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். செருப்பு மாட்டிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். ஜெரினை அவர்கள் கூட்டிப்போனபின் அவன் தேநீர் மேசையில் ஆறிக் கிடந்தது.

மறுநாள் ஷீபா எங்கள் கதவருகே நின்றாள். "அக்கா, ஸ்டேஷனுக்கு எனக்க கூட வருவியளா? எனக்கு இங்கிலீஷும் தெரியாது, அரபியும் தெரியாது."

பின்னால் நின்ற ஸ்டீபன் என் முதுகை விரலால் தொட்டார். அவ்வளவுதான். "எனக்கு டூட்டி இருக்கு பிள்ளே" என்றேன்.

அன்று எனக்கு விடுமுறை. சொன்ன பொய்க்காகச் சீருடையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். போக இடமில்லை. கடற்கரை நடைபாதையில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இந்நேரம் ஷீபா கவுன்டரில் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள், யாருக்காவது புரிந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போயிருக்கலாம். டாக்ஸியில் பத்து நிமிடம். பெஞ்சிலேயே இருந்தேன்.

அப்போது கறுப்பு அபாயா அங்கி அணிந்த, உள்ளூர் மூதாட்டி ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். என் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். அரைகுறை இந்தியில் பேர் கேட்டார். எங்கே வேலை என்று கேட்டார். பிறகு, "டூட்டி மாஃபி?" என்றார், இன்றைக்கு டூட்டி இல்லையா என்று.

மேரி என்று பொய்ப்பெயர் சொன்னேன். ஷார்ஜாவில் வேலை, இப்போதே கிளம்ப வேண்டும் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கண் மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினார். அதில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊற்ற வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்று விரல் காட்டினேன். என் தலையில் கைவைத்து ஏதோ வேண்டிக்கொண்டார். அவர் போனபின் அழுதேன். கண் மங்கிய ஒரு கிழவியைக்கூட உளவாளி என்று நினைக்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

சாயங்காலம் ஷீபா வந்தாள். ஐந்து மணி நேரம் காத்திருந்தாளாம். ஒருவர் நாளைக்கு வா என்றாராம். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் தனியாகவே போய்வந்தாள். ஏழு வாரம் கழித்து, ஜெரினை ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிட்டதாக அவனது கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஷீபா பெட்டி கட்டினாள். கிளம்பும்போது அடுப்பைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"அன்னைக்கு உங்க கிளினிக்குக்கு போன் பண்ணினேன் அக்கா. எனக்குப் பதிலா நீங்க அவுங்ககிட்ட போன்ல பேசுவியளான்னு கேக்கத்தான். நீங்க லீவுன்னு சொன்னாவ."

நான் துணியை எடுத்து, அவள் துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

"பரவாயில்ல. உங்களுக்குப் பிள்ளை இருக்கு. நானா இருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை நாளில் மறந்திருப்பேனோ என்னவோ.

இந்த வருட லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். ஷீபாவின் ஊர் நான்கு கிலோமீட்டர். ஜெரின் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, கதவு தட்டினால் உள்ளறைக்குப் போய்விடுகிறான் என்று சொல்கிறார்கள். இன்னும் நான் போகவில்லை.

நேற்று எங்கள் ஊர்ப் பெண்கள் கடலரிப்புக்குத் தடுப்புச்சுவர் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். கலெக்டரையும் மந்திரியையும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். போலீஸ்காரர் ஒருவர் அவர்களிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தார். மதினி என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "நம்ம வீடுதான் முதல்ல கடலுக்குள்ள போகும், சத்தமா சொல்லு" என்றாள். யாரோ செல்போனை உயர்த்தினார்கள். என் கை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடியது. பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் கோஷம் போட்டபோது நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மடியிலிருந்த மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, ஆர் வீ அலவ்ட்?"

ஆமாம், நமக்கு அனுமதி உண்டு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத்தான் நினைத்தேன். குனிந்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் காதுக்குள் சொன்னேன்.