அந்த முட்டைக்கோசு நூடுல்ஸைச் சமைத்தது யார்

இதை எழுத ஆறேழு வருஷமாகத் தயங்கினேன். ஒரு புழுவைப் பற்றி எழுத இவ்வளவு யோசனையா என்று கேட்பீர்கள். புழு சின்னதுதான். அதோடு சேர்த்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓக்காளம் வருகிறது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாக ஜெபக்கூட்டம் உண்டு. முறை வருகிற வீட்டார் கூட்டம் முடிந்ததும் காப்பியும் ஏதாவது பலகாரமும் கொடுக்கவேண்டும். அன்றைக்கு எங்கள் முறை. என் வீட்டுக்காரிக்கு நெய்யாற்றின்கரையில் ஆபீசு வேலை. ரயில் லேட்டு என்று போன் பண்ணினாள்.

"மாடியில கோசு ஒண்ணு பறிக்கப் பருவமா நிக்குது. பறிச்சு, இலை இலையாப் பிரிச்சு, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணியில முக்கி வச்சிருங்க. நான் வந்து நூடுல்ஸ் செய்யுதேன்" என்றாள்.

மாடியில் பையில் மண் போட்டு, மருந்து அடிக்காமல் அவளே வளர்த்த முட்டைக்கோசு. அவள் வருவதற்குள் நானே செய்துவிடலாம் என்று நினைத்தேன். வளைகுடாவில் தனியாகக் கிடந்த காலத்தில் எத்தனையோ முறை செய்து தின்றதுதான். ஆனால் அங்கே கோசு கடையில் பிளாஸ்டிக் சுற்றி வரும். அதைப்போலவே இதையும் முழுசாகப் பலகையில் வைத்து நறுக்கித் தள்ளினேன். தண்ணீரில் முக்கவில்லை.

நூடுல்ஸை வேகவைத்து வடித்தேன். எண்ணெயில் பூண்டு, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, பெருந்தீயில் கோசைக் கொட்டிப் புரட்டினேன். அப்போதுதான் சட்டியின் ஓரத்தில் கண்டேன். விரல் நீளத்தில் பச்சைப்புழு, வெந்து வெளிறி, வயிறு வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. கரண்டியால் கோரி இரண்டையும் ஜன்னல் வழியே எறிந்தேன். வாயில் எச்சில் ஊறித் துப்பவேண்டி வந்தது.

கொட்டியிருக்கவேண்டும். கொட்டவில்லை. அடுப்பு பற்றவைக்கும் முன்பு சட்டியில் கைவைத்து ஜெபிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஜெபித்ததைக் கொட்டுவது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கர்த்தரைச் சாக்காகப் பிடித்தேன் என்பதுதான் உண்மை. சோயா சாஸையும் மிளகுத்தூளையும் கூடக் கொஞ்சம் போட்டுக் கறுப்பாக்கினேன். இனி ஒன்று கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது அல்லவா.

அவள் வந்தபோது ஆட்களும் வந்துவிட்டார்கள். பாட்டும் ஜெபமும் முடிந்து, சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்லி, அவள்தான் தட்டுகளைப் பரிமாறினாள். எல்லோரும் சேர்ந்து "ஆமென்" சொன்னபோது நானும் சொன்னேன்.

சபை மூப்பரின் மனைவி இரண்டு வாய் தின்றுவிட்டு, மூன்றாவதைக் கையில் துப்பிப் பார்த்தார். பாதிப் புழு.

"கர்த்தாவே! நூடுல்ஸுக்குக் கால் உண்டுமா?"

"மருந்து அடிக்காத்த கோசு ஆக்கும் மயினி, இறைச்சியும் சேர்த்துத் தாறாவ" என்றார் பக்கத்துவீட்டு அக்கா. சிலர் சிரித்தார்கள். ஒருவர் வெளியே ஓடி வாந்தியெடுத்தார். எல்லோரும் பார்த்தது என் வீட்டுக்காரியைத்தான். ஆண்பிள்ளை சமைத்திருப்பான் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் சொன்னேன்: "இவளுக்கு எப்பவும் அவசரம் ஆக்கும்."

இந்த வாயால்தான் சொன்னேன். அந்தப் புழு பரவாயில்லை, அது இலையைத்தான் தின்றது.

"மன்னிச்சிருங்க, கண்ணு சரியாத் தெரியல்ல" என்று அவள் தட்டுகளை வாங்கிக்கொண்டு போனாள். எல்லோரும் போனபிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவினாள்.

அடுத்த அறுப்புப் பண்டிகைக்குச் சபைப் பெண்கள் சேர்ந்து விருந்து சமைத்தபோது, அவளும் கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு காய் நறுக்கப் போனாள். "அக்கா, நீங்க பாத்திரம் கழுவினா மதி, அது போதும்" என்று சொல்லிவிட்டார்களாம். அன்று முதல் வருஷாவருஷம் அவள் கழுவுகிறாள். எங்கள் வீட்டில் கூட்டம் வைத்தால் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் கத்தியை அவள் பையில் எடுத்து வைப்பதும், பிறகு தானே வெளியில் எடுத்து வைப்பதும் நான் காண்பதுண்டு. இந்த வருஷமும் கண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "கேட்டியளா, அது நல்ல கோசு ஆக்கும். முக்கியிருந்தா புழு மேல வந்திருக்கும். அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். இந்தத் தாளை வாசித்தவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். சபையில் சொல்லும்போது ஒன்றையும் மாற்றவேண்டாம். புருஷனும் மனைவியும் சேர்ந்து செய்த பிழை என்று எனக்காக இரங்கித் திருத்தவும் வேண்டாம். நறுக்கியது நான், கண்டது நான், மறைத்தது நான். புழு ஒன்று என்று குறைக்காதீர்கள். பரிமாறும் முன்பே நான் கண்டது இரண்டு.