அப்பா கேட்டு வாங்கிய கால்வாய்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. வழக்கப்படி இந்த நினைவு மலரை அண்ணன்தான் எழுத வேண்டும். அவர் எழுதினால் வந்தவர் போனவர் எல்லோரையும் புகழ்ந்து வைத்துவிடுவார் என்று அம்மா சொன்னதால் மகள் நான் எழுதுகிறேன். படித்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் தாராளமாக வருத்தப்படட்டும்.

அப்பா பிறந்தது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசம். கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைந்த குடும்ப நிலம். பங்காளிச் சண்டை பிடிக்காமல் தம் பங்கைப் பெரியப்பாவிடமே விட்டுவிட்டு, திண்டிவனத்தில் தையல் கற்றார். கல்யாணமானதும் அம்மாவோடு விழுப்புரம் ரயிலடிக்கு அப்பால் இருந்த எங்கள் பேட்டைக்குக் குடிவந்தார். கடன் சொல்லித் தைத்துக்கொண்டு போனவர்களிடம் கூட முகம் சுளித்ததில்லை. அந்தக் குணம் எனக்கு வரவில்லை.

பொழுது சாய்ந்தால்தான் எங்கள் பேட்டைக்கு விடியும். கள்ளுக்கடை, சீட்டாட்டம், நடுவில் நாடகக் கொட்டகை. ராஜபார்ட்டின் வெல்வெட் கோட்டெல்லாம் அப்பா தைத்ததுதான். நாடகம் பார்க்க வந்த பெரிய மனிதர்கள் கொட்டகையின் பின்சுவரை என்ன செய்தார்கள் என்பதை நினைவு மலரில் எழுதக் கூடாது. அது வழிந்து எங்கள் தெருவில் தேங்கும், மழை வந்தால் தெருக் கிணற்றில் இறங்கும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு வந்த வாந்திபேதியில் என் தங்கை போனாள். அவளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது.

அந்தத் தண்ணீரை வெளியேற்ற ஒரு கால்வாய் வேண்டும் என்றுதான் அப்பா முனிசிபல் தேர்தலில் நின்றார். வேறு ஆசை இல்லை. தெருவே சேர்ந்து அவரை ஜெயிக்க வைத்தது.

கவுன்சிலர்கள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நின்றவர்கள் இருவர். ஒருவர் சாராயக் குத்தகைதாரர், இன்னொருவர் கொட்டகை முதலாளி. ஊருக்கு எவ்வளவு நல்ல காலம் பாருங்கள். குத்தகைதாரர் தம் ஆட்களைத் திருவக்கரை அம்மனைத் தரிசிக்க என்று ஓட்டிக்கொண்டு போனார். முதலாளி தம் ஆட்களைப் புதுச்சேரியில் ஒரு பங்களாவில் அடைத்து, பிராந்தியில் ஊறப்போட்டார். எதிராளி தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம். சந்தைக்குப் போகும் ஆட்டைக் கூட இவ்வளவு கேவலமாகக் கட்டி வைக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாக நின்றதால், எதிலும் சேராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அப்பாவின் ஓட்டுக்குக் கிராக்கி வந்தது.

கொட்டகை முதலாளியே வீட்டுக்கு வந்தார்.

"இன்னா டெய்லரே, இப்புடித் தனியா உக்காந்துக்கினு இருந்தா எப்புடி? உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. இந்தத் தெருவுக்கு ஒரு கால்வா வேணும். எங்க பாப்பாவை வாரிக்கினு போன தண்ணிங்க இது."

"அவ்ளோதானா? நான் சேர்மனாவறேன், கால்வா வந்துடும். சத்தியம்."

அப்பா நம்பினார். ஓட்டுப் போட்டார். முதலாளி சேர்மனானார்.

கால்வாயும் வந்தது. வராமலே போயிருக்கலாம். கொட்டகையின் பின்சுவரில் தொடங்கி எங்கள் தெரு வழியாக ஏரிப்பக்கம் போகும் என்றார்கள். எங்கள் வீட்டு வாசலோடு வேலை நின்றுவிட்டது. ஒதுக்கிய பணம் தீர்ந்ததாம். முன்பு அங்குமிங்கும் வழிந்தது, இப்போது கொட்டகையின் அழுக்கு முழுவதும் சிமெண்டு பூசிய வழியில் ஒழுங்காக வந்து எங்கள் வாசலில் கொட்டிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் தெருவில் நின்று கத்தினார்:

"உன் வூட்டுக்காரரு கவுன்சிலரானாரு, எங்க தெருவே நாறிக்கினு கெடக்குது!"



அப்பா கவுன்சில் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறார். சேர்மன் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து எங்களிடம் அப்படியே சொன்னார்.

"கால்வா கேட்டீங்க, குடுத்தோம். அது எங்க போய் முடியணும்னு நீங்க சொல்லலியே டெய்லரே."

மேஜையைத் தட்டிச் சிரித்தார்களாம். குத்தகைதாரர் கட்சியும் சேர்ந்து சிரித்ததாம். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

மறுநாள் காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு கால்வாயில் இறங்கினார். அள்ளியதைக் கூடையில் சுமந்து ஊருக்கு வெளியே பள்ளத்தில் கொட்டினார். முனிசிபாலிட்டித் துப்புரவுத் தொழிலாளி முனியன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"சாமி, நீங்க ஏறுங்க. நான் அள்ளிடறேன்."

"நீ அள்ளுனா உன் புள்ளைக்கு வாந்திபேதி வரும், முனியா. இது நான் கேட்டு வாங்குனது. நானே அள்ளறேன்."

அன்று முதல் தினமும் காலையில் அதுதான் அப்பாவின் முதல் வேலை. அதற்குப் பிறகு குளித்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவார். கிணற்றுத் தண்ணீர் தெளிந்தது. எங்கள் தெருவில் வாந்திபேதி வரவில்லை. இதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. பிரம்மதேசத்து உறவினர்கள், மலக்கூடை சுமந்த கையால் பரிமாறிய சோறு வேண்டாம் என்று எங்கள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர்களில் பலர் இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பார்கள். கருமாதிக்கு வந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனதையும் பார்த்தேன். அடுத்த தேர்தலில் எங்கள் தெருக்காரர்களே கொட்டகையின் இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அப்பாவைத் தோற்கடித்தார்கள். "போவட்டும், நாடகம் பாத்து நாளாச்சு அதுங்களுக்கு" என்றார் அப்பா. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

தோற்ற பிறகும் அள்ளுவதை நிறுத்தவில்லை. யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது, துணிக்கும் ரேஷன் வந்து தையல் படுத்தது. கொட்டகையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. அங்கிருந்து அடித்துக்கொண்டு வந்த உடைந்த சோடா பாட்டில் ஒருநாள் அப்பாவின் காலைக் கிழித்தது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் இறங்கினார். கால் வீங்கி, ஜுரம் கண்டு, பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது விஷம் ஏறிவிட்டது என்றார்கள். கடைசியாக நினைவு இருந்தபோது அம்மாவிடம், "இன்னிக்கு யாரு அள்ளுனது?" என்று கேட்டார். அண்ணன் அள்ளிவிட்டார் என்று அம்மா பொய் சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சேர்மன் ரோஜா மாலையோடு வந்தார். எங்கள் வாசலில் காரை விட்டு இறங்கியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுக்காமலே, ஊருக்கு உழைத்த உத்தமர் என்று அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்க்காமல் அப்பாவைக் கவனித்த நர்ஸம்மாவுக்கும், சொந்தக்காரர்கள் தயங்கி நின்றபோது பாடைக்குத் தோள் கொடுக்க முன்வந்த முனியனுக்கும், அவர் தோள் கொடுக்கக் கூடாது என்று தகராறு செய்தவர்களை வாயடைக்க வைத்த எங்கள் அம்மாவுக்கும் நன்றி.

எங்கள் தெருவுக்கு அப்பாவின் பெயரை வைக்கக் கவுன்சிலில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். பலகைகூடத் தயாராம். மாட்ட வருகிறவர்கள் ஏணியோடு ஒரு மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு வரவும். அப்பா படுத்த நாளிலிருந்து அந்தக் கால்வாயை யாரும் அள்ளவில்லை. முனியன் வீட்டுக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். போன வாரம் முனியனின் பேத்தி வாந்திபேதியில் இறந்துவிட்டாள்.