அம்மா வாக்குக் கொடுத்துவிட்டுப் போன மடி

காலை 5.40. சென்னையிலிருந்து வந்த பேருந்து என்னையும் என் மனைவி ஷீலாவையும் மதுரை மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டது. எனக்கு நாற்பத்தொரு வயது. அக்கா, தங்கை என்று யாரும் கிடையாது. அப்படிப்பட்ட நான் அன்றைக்குத் தாய்மாமன்! திருவாதவூரில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றை மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். இது எப்படி என்று என் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது.

அம்மா நர்ஸ். 'இனிமேல் வைத்தியம் இல்லை, கூட்டிட்டுப் போங்க' என்று பெரிய டாக்டர்கள் கைவிட்டவர்களைக் கடைசி மூச்சுவரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில், ஒத்தக்கடைக்கு அப்பால், காலமெல்லாம் வேலை பார்த்தாள். செல்லூரில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவாள். நோயாளி பருத்திப்பால் கேட்டால் பருத்திப்பால், அயிரைமீன் குழம்பு கேட்டால் குழம்பு; எல்லாம் தூக்குவாளியில் கூடவே போகும். அத்தனை சாவைப் பார்த்தவள் சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்புவாள். "அங்க அழுகுறதுக்கு ஏதுடா நேரம்? அம்புட்டுக் கதை சொல்றாக!" என்பாள்.

போன மாதம் ஒரு பெண், இல்லத்தில் என் நம்பரை வாங்கி, போனில் அழைத்தாள். "அண்ணே, நான் செல்வி, திருவாதவூரு. எங்கம்மாவ உங்கம்மாதான் கடைசிவரைக்கும் பாத்தாக. அப்ப எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். நான் ஒத்தப் பிள்ளை. 'எம் மகளுக்குப் பெறக்குற பிள்ளைய மடியில வைக்க மாமன் இல்லையே'ன்னு எங்கம்மா பொலம்பிக்கிட்டே கெடந்துச்சு. உங்கம்மா, 'ஏன், எம் மகன் டேவிட் இருக்கான்ல? அவன் வருவான், நிம்மதியாப் படுங்க'ன்னாக. அன்னைக்குத்தான் எங்கம்மா நல்லாத் தூங்குச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி அம்மா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"ஒரே ஒரு சங்கடம்ணே. எங்க மாமனாருகிட்ட இன்னும் சொல்லல. முறை ரொம்பப் பாப்பாரு. ரத்த உறவு இல்லாதவுக மடியில உக்கார விடுவாரான்னு தெரியல. ஆனாலும் நீங்க வரணும்."

ஊர் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டால்? ஆனால் வாக்கை வாங்கியவளும் இன்று இல்லை, கொடுத்தவளும் இல்லை. நான் போகாவிட்டால் சாகக் கிடந்தவளிடம் அம்மா சொன்னது பொய் என்றாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

7.00. பக்கத்திலேயே பூ மார்க்கெட். மல்லிகை கிலோ அறுநூறு. "தாய்மாமன் சீர்" என்று சொன்னதும் கடைக்காரர் ஒரு கை கூட அள்ளிப் போட்டார். சென்னையிலிருந்தே கொண்டுவந்த பட்டுப்பாவாடை, தோடு, வளையல், அதோடு பழம், இனிப்பு எல்லாம் சேர்ந்து ஒன்பது தட்டு. முறைப்படி என்னென்ன வைக்க வேண்டும் என்று ஷீலா யூடியூபில் பார்த்து வைத்திருந்தாள்.

8.15. திருவாதவூர் டவுன் பஸ். இருபது கிலோமீட்டர், எனக்குப் பதினாறு ரூபாய், ஷீலாவுக்கு மகளிர் இலவசம். கண்டக்டர் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கடையவே தூக்கிட்டு வந்துட்டீகளா?" என்றார். ஒத்தக்கடையில் யானைமலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிச் சற்று தூரத்தில் அம்மாவின் இல்லம். வாசலில் இளநீலப் புடவை கட்டிய ஒரு நர்ஸ் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து இருக்கை அம்மாள் விசாரித்தாள். "யாரு வீட்டு விசேசம்?"

"செல்வி மகளுக்குக் காதுகுத்து. நாங்க மாமன் வீடு."

"ஆத்தி! மாமன் வீடுன்னுட்டு ரெண்டே பேரா வந்திருக்கீக? ஆளு அம்பு இல்லாமச் சீரு கொண்டு போனா ஊரு சிரிக்காதா?" என்று எழுந்து பஸ்ஸையே ஒரு பார்வை பார்த்தாள். "ஏய், நம்மூர்ல எறங்குற பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கொரு தட்டப் பிடிங்கடி!"

பிடித்தார்கள். திருவாதவூரில் நாங்கள் இறங்கும்போது எனக்கு ஏழு புதுச் சொந்தங்கள். கண்டக்டர் விடாமல் விசிலடித்து எங்களை வழியனுப்பினார். இரண்டு பக்கமும் நெல் வயல். வழியில் நின்றவர்கள் எல்லாம் "எந்த ஊரு மாமன்?" என்று கேட்க, தட்டு ஏந்தியவர்களே "மெட்ராஸ் மாமன்!" என்று பெருமையாகப் பதில் சொன்னார்கள்.

9.45. அய்யனார் கோயில். செல்வி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே அவள் மாமனார் வந்தார். வெள்ளை மீசை, தோளில் துண்டு.

"வாங்க தம்பி. நீங்க செல்விக்கு எந்த வகையில அண்ணன்?"

மேளம் நின்றது. செல்விதான் பேசினாள். "எங்கம்மா படுக்கையில கெடக்கையில வாங்குன வாக்கு மாமா. எஸ்தர் சிஸ்டரு மகன் இவுக."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எஸ்தர் சிஸ்டரா? கண்ணாடி போட்டு, குட்டையா?"

"ஆமாங்கய்யா."

"அடேயப்பா! சம்பந்தியம்மாவப் பாக்கப் போனப்ப எம் பீடிக்கட்டப் பிடுங்கிக்கிட்டு, 'நோயாளி மூச்சுக்குத் தவிக்குது, நீரு இங்க ஊதுறீரா'ன்னு வச்சுச்சு பாருங்க ஒரு வசவு! எங்காத்தாகூட என்னைய அப்புடி வஞ்சதில்ல." கூட்டம் சிரித்தது. அவர் குரல் இறங்கியது. "அதே அம்மாதான் சம்பந்தி போற அன்னைக்குக் காலையில தலை சீவி, பூ வச்சு விட்டுச்சு. கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டா. வேதக்காரவுகளா இருந்தா என்ன? இதுக்கு மேல என்ன வகை வேணும்?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார். மேளம் அதிர்ந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு செல்வியின் மகள் யாழினி என் மடிக்கு வந்தாள். முதல் காதுக்கு என் கட்டை விரலைக் கடித்தாள். இரண்டாவது காதுக்கு அவள் போட்ட சத்தத்தில் கோயில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. நானும் அழுதேன். "குத்துனது பிள்ளைக்கு, அழுகுறது மாமன்!" என்று பஸ் அம்மாள் கேலி செய்தாள். பிறகு கிடாக்கறி. மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன், வெட்கமே இல்லாமல்.

மாலை 4.00. பஸ் நிறுத்தம்வரை செல்வி வந்தாள். "அம்மா சொன்ன வாக்கு நிறைவேறிடுச்சும்மா," என்றேன்.

"பாதிதாண்ணே," என்றாள் வெடுக்கென்று. "எங்கம்மா சும்மா வாங்கிக்கிடுற ஆளா? 'எம் மகளுக்கு அண்ணனக் குடுக்குறீகளே, நான் உங்களுக்கு என்ன தர?'ன்னு கேட்டுச்சு. உங்கம்மா சொன்னாக: 'எம் மகனும் ஒத்தப் பிள்ளைதாம்மா. எனக்குப் பெறகு மதுரைக்கு வந்தா அவனுக்கு எறங்க ஒரு வீடு கெடையாது. உங்க மகள ஒரு வாய் சோறு போடச் சொல்லுங்க, போதும்'னாக."

அம்மா போன பிறகு செல்லூர் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம். சென்னையில் சொந்த வீடு இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லத்தான் ஒரு வருடமாக இடம் இல்லை.

"பொங்கலுக்கு வாரோம்மா," என்றேன்.

"அதுவரைக்கும் எதுக்கு? கிறிஸ்மஸுக்கே வாங்க. கேக்கு எனக்குச் செய்யத் தெரியாது, கறிச்சோறு போடுறேன்."

பஸ் ஒத்தக்கடை வருவதற்குள் ஷீலா போனில் டிசம்பருக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டாள். ஆபீசில் லீவு கேட்கும்போது எங்கே என்பார்கள். ஊருக்கு, தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்வேன்.