பெண் பார்க்க வான்வழி

காமலாபுரம் விமான நிலையத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூருக்குப் பெண் பார்க்கப் போகிறேன். ஃப்ளைட்டில்தான் வருகிறேன் என்று பெண் வீட்டாருக்கு மூன்று முறை சொல்லியாகிவிட்டது. இங்கே மூடுபனி. நான் ஏற வேண்டிய விமானம் இன்னும் வந்தே சேரவில்லை.

பக்கத்தில் நாமக்கல் முட்டை வண்டிக்காரர் பன்னை டீயில் முக்குகிறார்.

"ஏனுங்க, இந்தப் பிளேனு பெங்களூருக்கு எத்தன நேரமுங்க?"

"நூத்தி அறுபது கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரம்," என்கிறேன், விமானமே என்னுடையது போல.

"எறங்கி எங்க போவோணுங்க?"

"எலக்ட்ரானிக் சிட்டி. பெண் வீடு அங்கேதான். டாக்சியில் ரெண்டு மணி நேரம்."

பன் அந்தரத்தில் நிற்கிறது. "பெங்களூரு ஏர்போர்ட்டு ஊருக்கு அந்தக் கோடியில்லீங்களா? அப்ப பொண்ணு ஊட்டத் தாண்டிப் பறந்து போயி, அத்தன டிராபிக்குல திரும்பி வாரீங்களா? நான் அந்த ரோட்லதானுங்க முட்டை கொண்டு போறேன். மத்தியானச் சோத்துக்குள்ள எறக்கி உட்டுர்றேன்."

என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்க்கிறேன். அவருடைய வண்டியைப் பார்க்கிறேன். போனில் செய்தி வருகிறது: விமானம் மேலும் தாமதம்.

ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டைத் தேடுகிறேன். அது எப்போதோ அறுந்துவிட்டது. அவர் ஒரு ட்ரே முட்டையைத் தூக்கி என் மடியில் வைக்கிறார்.

"இதப் புடிச்சுக்கங்க சாமி, அசையவே மாட்டீங்க. பொண்ணு ஊட்டுக்கும் வெறுங்கையோட போவ வேண்டியதில்லைங்க."