சோலைமலையின் முழுப்பேர்

"டீச்சரம்மா, ஒரு நிமிசம்! சல்லிய உள்ள வைங்க. காட்ல இழுத்துருவோம்."

ஹட்டன் சூப்பர் மார்க்கெட்டில் பால்மாவும் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு நின்ற அந்த அம்மா மிரண்டுபோய்க் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். சோலைமலை அசரவில்லை. தன் கடன் அட்டையைக் கல்லாவில் இருந்த சிங்களப் பெண்ணிடம் நீட்டினார். டீச்சரிடம் நோட்டுகளை வாங்கித் தோளில் தொங்கிய மஞ்சள் துணிப்பையில் போட்டு, சுருக்குக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "ஒங்களுக்கு ஒரு சதம் நட்டமில்லைங்க. எனக்குப் பொயின்ட் விழும். அவ்வளவுதான்." அந்தப் பெண் "ஹரி மாத்தயா" என்று சிங்களத்தில் சரி சொல்லிச் சிரித்தபடி அட்டையை இழுத்தாள். அவளுக்கு இது பழகிப்போயிற்று.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல்பு, வயர், ஹோல்டர் விற்கிற சின்னக் கடை அவருடையது. அடுத்த கடை என்னுடையது. வெயிலடித்தாலும் கழற்றாத பழுப்பு ஸ்வெட்டர், சட்டைப்பையில் டெஸ்டர், அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. அந்தக் 'காட்'டுக்காகப் பிள்ளைகள் வைத்த பெயர் 'காட்டு மாமா'. அவருக்கும் தெரியும். "காட்டு மாமாவா இருந்தாலும் ஏரோப்ளேன்ல போற மாமாடா," என்பார்.

வங்கி ஒருமுறை பரிசுப் புத்தகம் அனுப்பியது. இத்தனை புள்ளிக்கு ரைஸ் குக்கர், இத்தனைக்கு இஸ்திரிப்பெட்டி. அவர் மனைவி மீனம்மாவுக்கு அந்தக் குக்கர் மேல் ஒரு கண். சோலைமலை புத்தகத்தைத் தூக்கிப் பழைய பேப்பரோடு போட்டார். "குக்கரு அரைப்பேரு புள்ள. ப்ளைட் டிக்கட்டுக்கு மாத்துனாத்தான் முழுப்பேரு."

தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்றுதான் பெயர். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் பாதிச் சம்பளம், அரைப்பேர். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர் சோலைமலை. "மழையில நனைஞ்சு எடுத்த கொழுந்துக்கு தண்ணிக் கழிவுன்னு வெட்டி, எங்கம்மாவுக்கு அரைப்பேரு போட்டானுங்க. அன்னைக்கு அது சோறு திங்கல." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கமாட்டார்.

முழுப்பேர் சும்மா கிடைக்குமா? புள்ளிக்குக் கொடுக்கிற இருக்கை விமானத்தில் நாலோ ஐந்தோதான். சீசன் நாளில் இரண்டு மடங்கு புள்ளி கேட்பார்கள். ஆகவே கடையில் ஆள் நிற்க நிற்க, கையைக் காட்டி எல்லோரையும் அடக்கிவிட்டுக் கொழும்பில் விமானக் கம்பெனிக்குப் போன் போடுவார். "திருச்சிக்கி பொயின்ட் சீட்டு விழுந்திருச்சாங்க மிஸ்?" இல்லை என்பார்கள். மறுநாளும் கேட்பார். பாஸ்போர்ட்டும் விசாவும் எப்போதும் தயார்.

மஞ்சள் பை விஷயத்தில் மனுஷன் நெருப்பு. அதில் விழுந்த காசு அட்டைப் பில்லுக்கு, வேறு எதற்கும் இல்லை. கடைக்குச் சரக்கெடுக்க முடியாமல் என்னிடம் கைமாற்று வாங்கிய நாளிலும் பை தோளில் கனத்துக்கொண்டுதான் இருந்தது. "ஒரு நாளு பிந்துனாலும் வட்டி போடுவான். வட்டி விழுந்தா சேத்த பொயின்டெல்லாம் தண்ணிங்க."

இவ்வளவும் அக்கா ராசம்மாவைப் பார்க்கத்தான். எழுபதுகளில் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துப் புருஷனோடு கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனவர். அப்போது சோலைமலைக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு குரல்தான். போனில் ஒவ்வொரு முறையும் "என்னைக்குடா வர்றே?" என்று அக்கா கேட்க, "சீட்டு விழுகட்டும்க்கா" என்று இவர் சொல்ல, நாலு வருஷம் ஓடிவிட்டது. புள்ளிக் கணக்குப் பார்த்துக்கொண்டு கூடப்பிறந்தவளைப் பார்க்காமல் இருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தை மாதம் நிலைமை முற்றியது. அக்காவுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதற்குப் புதன்கிழமை ஆபரேஷன். பார்வை மிஞ்சும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. "கட்டுப் போடறதுக்கு முந்தி ஒன் மூஞ்சிய ஒருக்கா பாத்துறணும்டா," என்று அழுதிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை கொழும்புக்குப் போன் போட்டவரின் முகம் முதலில் மலர்ந்தது. புள்ளி இருக்கை விழுந்துவிட்டது. வியாழக்கிழமைக்கு.

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆபரேசன ரெண்டு நாளு தள்ளச் சொல்லுவோமா?"

"டாக்டர் என்ன ஒங்க பொயின்டுக்கா காத்துக்கிட்டு இருக்காரு?" கத்தியேவிட்டேன்.

அடுத்த போனைக் கோத்தகிரிக்குப் போட்டார். காது கேட்காதவரோடு பேசுகிற மாதிரி அக்கா சத்தமாகத்தான் பேசுவார். எனக்கே கேட்டது.

"வியாழக்கெழமையா? அன்னைக்கி கட்டுப் போட்டுருப்பாங்களேடா." பிறகு அக்காவே சொன்னார். "பரவால்ல, வா. மூஞ்சியத் தொட்டுப் பாத்துக்கிர்றேன்."

சோலைமலை கடையைப் பூட்டவில்லை. பஸ், லொறி எதையும் பார்க்காமல் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் டிக்கட் போட்டுக் கொடுக்கும் செல்லசாமியின் கடைக்குள் நுழைந்தார். பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன்.

"நாளைக்குக் காலையில ஒரு சீட்டு இருக்குண்ணே. சாயங்காலத்துக்குள்ள கோத்தகிரி போய்ச் சேந்துரலாம்," என்றார் செல்லசாமி. "ஆனா முழுக் காசு."

அட்டையை நீட்டினார். இயந்திரம் ஏற்கவில்லை. மறுபடி இழுத்தும் ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். ஊரார் வாங்கிய கொப்பி, சப்பாத்துக்கெல்லாம் இழுத்து இழுத்து அட்டையின் கடன் வரம்பில் இடமே மிச்சமில்லை. அந்தக் காசு முழுவதும் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பில் கட்டக் கடைசி நாள்.

"அப்ப வியாழக்கெழமைக்கே போறீங்களாண்ணே?" செல்லசாமி பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்கே போடுங்க தம்பி, அரைப்பேராவே இருக்கட்டும்," என்றார் சோலைமலை.

பையைத் தோளிலிருந்து இறக்கி மேசையில் வைத்தார். கயிற்று முடிச்சு அவிழவில்லை. பையை வாய்க்குக் கொண்டுபோய், முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.